வாசற்படி மஞ்சளும் ஒரு நோட்டீசும்

திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் தெருப்பக்கம் ஒரு சன்னல் உண்டு. பழைய வீடு என்பதால் சுவர் தடிமன், சன்னல் திண்டும் அகலம். என் மகள் ஒன்றரை வயதிலிருந்து அந்தத் திண்டின் மேல்தான் வளர்ந்தாள். பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போகிற கூட்டம், பால்காரர், மாடு, வைகாசித் தேர் என்று எல்லாவற்றையும் கம்பியைப் பிடித்துக்கொண்டே பார்ப்பாள். பல் முளைத்த நாட்களில் அந்தக் கம்பியைத்தான் கடித்தாள். அவளை அங்கே நிறுத்திவிட்டால் எனக்கு அடுப்படியில் அரை மணி நேரம் நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் வயிறு என்னவோ செய்கிறது.

கடலூரில் உப்புக்காற்று. இரும்புக் கம்பி எதுவாக இருந்தாலும் இரண்டு வருடத்தில் துருப்பிடித்துப் பொருக்குவிடும். அதனால் பொங்கலுக்குப் பொங்கல் கம்பிக்கு எனாமல் அடிப்பது இங்கே பலருக்கு வழக்கம். பழையதைச் சுரண்டி எடுப்பதில்லை. மேலே மேலே அடித்துக்கொண்டே போவார்கள். எங்கள் சன்னலின் பச்சை எத்தனை அடுக்கு என்று கேட்டால் வீட்டுக்காரருக்கே தெரியாது. 2023 பொங்கலுக்கு அவர் அனுப்பிய பெயிண்டர் உப்புத்தாளை வைத்து இரண்டு நாள் தேய்த்தார். வீடு முழுக்க மாவு மாதிரி பச்சைத் தூள். நான் துடைப்பத்தால் பெருக்கினேன். மகள் அந்தத் தூளில் விரலால் கோடு போட்டு விளையாடினாள்.

அடுத்த இரண்டு மாதத்தில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மலச்சிக்கல், காரணமில்லாத அழுகை. குழந்தை மருத்துவர் ரத்தசோகை என்றார். இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் பெரிதாக ஏறவில்லை. அப்புறம்தான் உடம்பில் ஈயம், அதாவது காரீயம், சேர்கிறதோ என்ற சந்தேகத்தில் அவர் வரிசையாகக் கேள்வி கேட்டார். மண், சுண்ணாம்பு தின்கிறாளா? வீட்டில் யாராவது பேட்டரி வேலை செய்கிறார்களா? மீன்பிடிக் குடும்பமா, வலைக்கு ஈயக்குண்டு கோக்கிற வேலை வீட்டில் நடக்கிறதா? கண்மை எங்கே வாங்குகிறீர்கள்? ரசம் வைக்க ஈயச்சொம்பு உண்டா?

ஈயச்சொம்பு உண்டு, மாமியார் கொடுத்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் அதைப் பரணில் ஏற்றினேன். நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. அது வேறு உலோகம், காரீயம் வேறு உலோகம். காரீயம் கலந்து விற்றால்தான் ஆபத்து. ஆனால் கடையில் வாங்கின சொம்பில் எது எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதே. பெயிண்ட் என்பது மட்டும் அன்று யாருக்கும் தோன்றவில்லை. நியூ ஜெர்சியில் இருக்கும் என் தம்பியிடம் போனில் புலம்பியபோது அவன்தான் கேட்டான்: “அக்கா, வீட்டுல பழைய பெயிண்ட் உரியுதா?” அங்கே 1978க்கு முன்னால் கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டால், ஈய வண்ணம் பற்றி வீட்டுக்காரருக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டுமாம். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. அவனும் குடிபோகும்போது ஒரு கையேட்டோடு அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

மருத்துவரிடம் சொன்னேன். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்க எழுதிக் கொடுத்தார். விரலில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டியிருக்கும் தூளும் சேர்ந்து தப்பாகக் காட்டலாம் என்பதால் நரம்பிலிருந்து எடுத்தார்கள். மாதிரி சென்னைக்குப் போய் ஒரு வாரத்தில் முடிவு வந்தது: டெசிலிட்டருக்கு 19 மைக்ரோகிராம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. 5 இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல். ஈயத்தைக் கட்டி வெளியேற்றும் மருந்தைப் பொதுவாக 45ஐத் தொட்டால்தான் கொடுப்பார்களாம். “இவளுக்கு மருந்து வேண்டாம், வீட்டைத்தான் சரிபண்ணணும்” என்றார் மருத்துவர். சிறு குழந்தைகளின் உடல், விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைப் போல நான்கைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச்சத்து குறைந்தால் இன்னும் அதிகம். அதனால் இரும்பு மருந்து, கேழ்வரகு, முருங்கைக்கீரை, நெல்லிக்காய். வெறும் வயிற்றோடு விடாதீர்கள், சாப்பிடும் முன்பும் தூங்கும் முன்பும் கை கழுவிவிடுங்கள் என்று அனுப்பினார்.

வீட்டுக்காரர் மாடியில் இருந்தார். ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர்தான். மின்சாரம் போனால் எங்களுக்கும் சேர்த்துப் புகார் செய்வார். முடிவுத் தாளை எடுத்துக்கொண்டு போய், “சார், உங்க சன்னல் பெயிண்டுல விஷம் இருக்கு” என்று ஆரம்பித்தேன். இந்த விஷயத்தில் நான் செய்த முதல் தப்பு அந்த வாக்கியம்.

“ஏம்மா, நான் இதே கம்பியப் புடிச்சுக்கிட்டு வளர்ந்தவன். எனக்கு என்ன ஆச்சு?” என்றார். நான் பதில் தேடுவதற்குள், “நாவுக்கரசர் நஞ்சு கலந்த சோத்தச் சாப்பிட்டும் பொழச்சு, கல்லுல மெதந்து கரையேறின ஊரும்மா இது” என்று சிரித்தார். வீட்டுக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. மறுபடி கேட்டபோது வீட்டுக்காரர் “பாக்கலாம்மா” என்றார். மூன்றாம் முறை, “புடிக்கலன்னா வேற வீடு பாத்துக்கங்க, அட்வான்ஸ் மெதுவாத் தரேன்.” ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும் என்பார்களே, அவர் வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் அந்த மாதிரிதான். மூன்று பேச்சுக்கும் என்னிடம் ஒரு துண்டுச்சீட்டுகூட ஆதாரம் இல்லை.

வீட்டில் சண்டை. என் கணவர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை, பேசாமல் வீடு மாறலாம் என்றார். ஐம்பதாயிரம் அட்வான்ஸ் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது, அதை விட்டுவிட்டு எங்கே போவது? நான் கணக்கு எழுதும் கடைக்கு வரும் ஒரு பெரியவர்தான் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைச் சொன்னார். இலவசச் சட்ட உதவி என்றால் பரம ஏழைகளுக்கு மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவில் பெண்களும் குழந்தைகளும் தனியாகவே வருகிறார்கள். அவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. என் பெயரில் போட்டதால் ஆதார் நகலும் வெள்ளைத்தாளில் எழுதின மனுவும் போதுமாக இருந்தது. எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்கிறார்கள். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம்.

எனக்கு ஒதுக்கின வக்கீல் ஒரு பெண். என் கதையை முழுக்கக் கேட்டார். நான் தம்பி அனுப்பிய அமெரிக்கச் சட்டத்தையெல்லாம் போனில் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னது, இந்த வழக்கின் போக்கையே மாற்றியது: “ஈயம்னு ஒரு வார்த்தை நம்ம வாடகைச் சட்டத்துல எங்கயும் கெடையாதும்மா. ஆனா ‘கதவு சன்னலுக்கு வண்ணம் பூசறது’ன்னு இருக்கு. நாம அது வழியாப் போவோம்.”

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். நம் நாட்டிலும் ஈய வண்ணத்துக்கு விதி உண்டு. 2016 நவம்பர் 1 அன்று மத்திய அரசு அறிவித்து, ஒரு வருடம் கழித்து 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, டப்பாவில் அதை அச்சிட வேண்டும். ஆனால் அது புதிதாகச் செய்து விற்கும் பெயிண்டுக்கு. ஏற்கெனவே கம்பியில் காய்ந்து கிடப்பதை அந்த விதி தொடாது. வீட்டுக்காரரை அதன் கீழ் இழுக்க முடியாது.

அவரை இழுக்கிற சட்டம் 2017இல் தமிழ்நாடு கொண்டுவந்த வாடகைச் சட்டம். அதற்குப் பெயர் ஒரு முழ நீளம்: வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்துகிற சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணையில் யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். குழாய் வாஷர் மாற்றுவது மாதிரியான சில்லறை வேலை குடியிருப்பவர் தலையில். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு சன்னலுக்கு வண்ணம் பூசுவது வீட்டுக்காரர் தலையில். எழுத்தில் கேட்டும் அவர் செய்யாவிட்டால் நாமே செய்து வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. குடியிருக்கவே லாயக்கில்லாத நிலை என்றால் 15 நாள் நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம், அல்லது வாடகை அதிகாரியிடம் போகலாம். எங்கள் வீட்டை ‘லாயக்கில்லாதது’ என்று சொல்ல முடியுமா என்பதில் வக்கீலுக்கே சந்தேகம் இருந்தது. பெரியவர்கள் தாராளமாக இருக்கலாம், பிரச்சினை இரண்டரை வயதுக் குழந்தைக்கு. அதனால் ‘விஷம்’ என்ற சொல்லை நோட்டீசில் எங்கும் போடவில்லை. உரிந்த வண்ணம், பொருக்கு, தூள், பழுது. மருத்துவ முடிவும் ஆய்வக முடிவும் இணைப்பு. அவ்வளவுதான்.

இன்னொரு பழைய சட்டமும் உண்டு, 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். தனக்குத் தெரிந்த, குடிவருபவர் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத முக்கியக் குறையை வீட்டுக்காரர் சொல்லியாக வேண்டும் என்று அதன் 108ஆவது பிரிவு சொல்கிறது. இதைப் படித்ததும் துள்ளினேன். “அவருக்குத் தெரிஞ்சிருந்தாதானேம்மா?” என்றார் வக்கீல். உண்மை, அவருக்குத் தெரியாது. நான் மூன்று முறை வாயால் சொன்னதை அவர் கேட்கவே இல்லை என்று சொல்லிவிடலாம். பதிவுத் தபாலில் போன தாளை அப்படிச் சொல்ல முடியாது. ஒப்புகை அட்டையில் அவர் கையெழுத்து விழுந்த தேதியிலிருந்து, அவர் தெரிந்தே வைத்திருக்கும் குறை அது. அவருக்கும், எங்களுக்குப் பின்னால் குடிவரப் போகிறவர்களுக்கும் நடுவிலும் அந்தத் தேதி நிற்கும். (பதிவுத் தபாலை 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது அனுப்புகிறவர்கள் பட்டுவாடா அத்தாட்சி வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.)

நோட்டீசுக்கு முன்னால் பெயிண்டைச் சோதிக்க வேண்டியிருந்தது. இணையத்தில் தேய்த்துப் பார்க்கும் குச்சி கிடைக்கிறது. ஈயம் இருந்தால் சிவப்பாகும். சிவப்புப் பெயிண்டிலேயே தேய்த்தால் எதை நம்புவது? நீதிமன்றத்துக்கு அது உதவாது, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குச் சில்லு அனுப்புங்கள் என்றார் வக்கீல். சில்லை எடுப்பதிலும் ஒரு முறை சொன்னார். வீட்டுக்காரர் தரப்பில் ஒருவர் பார்க்க எடுக்க வேண்டும், அப்போதுதான் வேறெங்கோ எடுத்தது என்று பின்னால் சொல்ல மாட்டார்கள். மேல் பூச்சை மட்டும் சுரண்டாமல் அடி இரும்பு, அடி மரம் தெரியும்வரை எல்லா அடுக்கும் வர வேண்டும். எடுக்கும் இடத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றையும் தனிக் கவரில் போட்டு, ஒட்டின இடத்தின் குறுக்கே இருவர் கையெழுத்து. வீட்டுக்காரர் வரவில்லை. வீட்டுக்காரம்மா இறங்கி வந்தார், மறுபேச்சில்லாமல் கையெழுத்தும் போட்டார்.

சன்னல் கம்பியில் ஒன்று, சுவரில் ஒன்று எடுத்தேன். மூன்றாவதாக எதை எடுப்பது என்று நின்றபோது அவர்தான் வாசற்படியைக் காட்டினார். “இதயும் எடுத்துப் பாரேன் பாப்பா. புள்ள எப்பவும் இதுலதான ஒக்காருது?”

நிலைப்படியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பது நம் வழக்கம். வெள்ளிக்கிழமை தோறும் அரைத்துப் பூச யாருக்கு நேரம்? மஞ்சள் எனாமலை அடித்து, சிவப்பு எனாமலில் பொட்டு வைத்துவிட்டால் வருடத்துக்கும் நிற்கும். தெருவில் பாதி வீட்டில் அப்படித்தான். எங்கள் வீட்டிலும்.

ஆய்வகச் செலவு மூன்றுக்கும் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம். இந்தச் செலவை ஆணைக்குழு ஏற்கவில்லை, நான்தான் கட்டினேன். முடிவு வந்தது. சுவர் டிஸ்டெம்பரில் 90க்குள். சன்னல் கம்பியில் ஆறாயிரத்து இருநூறு. வாசற்படி மஞ்சளில் நாற்பத்தோராயிரம். அதாவது அந்தச் சில்லின் எடையில் நூற்றுக்கு நான்கு பங்கு ஈயம். பளிச்சென்ற மஞ்சளுக்குக் காரணமே ஈய குரோமேட் என்ற நிறமிதான். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை எனாமல்களில்தான் இந்தத் தொல்லை அதிகம். பச்சையிலும் அதே மஞ்சள் கலந்திருக்கும்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர்மேல் கோபம் கோபமாக வந்தது. அன்று இரவு பாத்திரம் கழுவும்போதுதான் நினைவு வந்தது. 2022 பொங்கலுக்கு முந்தின நாள் ஹார்டுவேர் கடையில் ஒரு சின்ன மஞ்சள் டப்பா வாங்கி வந்து அந்தப் படிக்கு அடித்தது நான். கேள்விப்படாத பெயர், விலை குறைவு. டப்பா இன்னும் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஈயம் பற்றி ஒரு வரி இல்லை, தயாரிப்பாளர் முகவரியும் இல்லை.

வக்கீலிடம் சொல்லாமல் விடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “இத நோட்டீசுலயே எழுதிடுவோம். நாம மறைச்சு அவர் கண்டுபிடிச்சா மீதி எல்லாமே பொய்யாயிடும்” என்றார். அப்படியே எழுதினோம்: படியின் மேல் பூச்சு மனுதாரர் அடித்தது, அதன் அடியில் உள்ளவை அதற்கு முந்தியவை, சன்னல் முழுக்க உரிமையாளருடையது. பின்னால் யோசித்தால், வீட்டுக்காரர் எங்களோடு மறுபடி முகம் கொடுத்துப் பேசியதற்கே அந்த ஒரு வரிதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

எங்கள் பக்கம் இன்னும் இரண்டு ஓட்டைகள் இருந்தன. இருபது ரூபாய்ப் பத்திரத்தில் பதினொரு மாத ஒப்பந்தம் எழுதிப் பீரோவில் வைத்திருந்தோம். புதிய சட்டப்படி ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கானாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். நாங்கள் செய்யவில்லை, வீட்டுக்காரரும் செய்யவில்லை. பதிவில்லாமல் வாடகை நீதிமன்றம் போனால் முதல் கேள்வியே அதுதான் என்று வக்கீல் பெருமூச்சு விட்டார். அடுத்தது வாடகை. மாதம் 7,500 ரூபாயைக் கையில்தான் கொடுத்துவந்தோம், ரசீது கிடையாது. அன்றிலிருந்து வங்கி வழியாக அனுப்பினேன். கோபத்தில் வாடகையை நிறுத்திவிடலாம் என்று என் கணவர் சொன்னபோது வக்கீல் கண்டிப்பாக மறுத்தார். வாடகை பாக்கி விழுந்தால் பெயிண்ட் பேச்சு போய் பாக்கிப் பேச்சு வந்துவிடும். வீட்டுக்காரர் வாங்க மறுத்தால்கூட வாடகை அதிகாரியிடம் கட்டச் சட்டத்தில் வழி இருக்கிறது.

எங்கள் கையில் ஒரு துருப்புச்சீட்டும் இருந்தது. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது அதே சட்டம். எங்களிடம் அவர் வாங்கியது ஆறரை மாத வாடகைக்கு மேல். இதை நோட்டீசில் கடைசிப் பத்தியில் மென்மையாகத் தொட்டிருந்தார் வக்கீல். எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நோட்டீஸ் போய்ப் பத்து நாள் மாடியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. படியில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தண்ணீரை நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேன். குடிநீர், மின்சாரம் போன்றவற்றை நிறுத்துவதை இந்தச் சட்டம் தடை செய்கிறது என்று தெரிந்தும் பயம் போகவில்லை. அவர் நிறுத்தவில்லை. அவருடைய பதிலில் ஒரு வரி இருந்தது: ‘தானே புயலுக்குப் பிறகு வீடு முழுவதும் நல்ல முறையில் வண்ணம் பூசப்பட்டது.’ வக்கீல் அதைப் படித்துவிட்டு அடிக்கோடு போட்டார். தானே வந்தது 2011 டிசம்பர் 30இல். 90 பங்கு என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017இல். அவருடைய பெயிண்ட் அந்த வரம்புக்கு முந்தியது என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டார்.

வழக்குப் போடாமல் முதலில் ஆணைக்குழுவிலேயே இருவரையும் உட்கார வைத்துப் பேசினார்கள். இரண்டு அமர்வு. முதல் அமர்வில் அவர் நாவுக்கரசர் கதையை மறுபடி சொன்னார். நடுவராக இருந்தவர் சிரித்துவிட்டு, “சரிங்க, அவர் பெரியவர். இது சின்னக் குழந்தை” என்றார். ரத்தப் பரிசோதனைத் தாளை அவரையே வாசிக்கச் சொன்னார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் அமர்வுக்கு வீட்டுக்காரம்மாவும் வந்தார். அவர் வந்த பிறகு அரை மணி நேரத்தில் முடிந்தது.

செப்டம்பரில் மக்கள் நீதிமன்றத்தில் அதை எழுதிக் கையெழுத்திட்டோம். அந்த உத்தரவு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால் எழுதும்போதே ஒவ்வொரு வேலையையும் பிரித்து எழுத வேண்டும். ‘வண்ணம் பூசித் தரப்படும்’ என்று மட்டும் முதலில் எழுதியிருந்தார்கள். நான் எழுந்து, உலர்வாகத் தேய்க்கக் கூடாது, எரித்து உரிக்கக் கூடாது என்று சேர்க்கச் சொன்னேன். பொங்கல் தூளைப் பார்த்தவள் நான். அதைச் சேர்க்காமல் விட்டிருந்தால், சட்டப்படி ஜெயித்து, அதே உப்புத்தாளை மறுபடி வீட்டுக்குள் கூப்பிட்டிருப்பேன்.

அக்டோபரில் வேலை நடந்தது. பத்து நாள் பண்ருட்டியில் அம்மா வீட்டில் இருந்தோம், அரை மாத வாடகையை வீட்டுக்காரர் தள்ளினார். தெருச் சன்னல் கம்பியைச் சுரண்டுவதற்குப் பதில் சட்டத்தோடு கழற்றிப் புதிது வைத்துவிட்டார். செலவும் அப்படி ஒன்றும் பெரிய வித்தியாசமில்லை. உள் சன்னல்கள், கதவு எல்லாம் நனைத்துத் தேய்த்து, தரையில் பிளாஸ்டிக் தாள் விரித்து, தூளைத் தாளோடு சுருட்டிக் கட்டினார்கள். வாசற்படியை யாரும் சுரண்டவே இல்லை. மேலே ஒரு கிரானைட் பலகையைப் பதித்து மூடிவிட்டார்கள். மூடினால் போதும், தூள் வராது. புதுப் பெயிண்ட் டப்பாவில் 90 என்ற வரி இருக்கிறதா என்று பார்த்தது வீட்டுக்காரர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு என்னிடமே கொண்டுவந்து காட்டினார். நாங்கள் திரும்பி வந்ததும் துடைப்பத்தை ஒதுக்கிவிட்டு, ஒரு வாரம் தினமும் ஈரத்துணியால் மட்டும் துடைத்தேன்.

அக்கம்பக்கத்தில் சிலர், லட்சக்கணக்கில் நஷ்ட ஈடு கேட்டிருக்கலாமே என்றார்கள். வக்கீலிடம் கேட்டேன். தனியாக சிவில் வழக்குப் போடலாம், ஆனால் அந்த 19 எங்கிருந்து வந்தது என்று நிரூபிக்க வேண்டும். சன்னலா, படியா, சொம்பா? படியின் மேல் பூச்சு என்னுடையது. நான் அதோடு விட்டேன். ஆனால் அவர் சொன்ன ஒன்றை இங்கே எழுதிவைக்கிறேன்: குழந்தைக்கு நேர்ந்த பாதிப்புக்கு, அது மைனராக இருக்கும்வரை வழக்குக்கான காலக்கெடு ஓடாது. அதனால் மருத்துவ முடிவு, ஆய்வகத் தாள், ஒப்புகை அட்டை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். மேலே அவள் பெயர் எழுதியிருக்கிறது.

புதுச்சேரியில் இருக்கும் என் அக்கா இதைக் கேட்டுவிட்டு என் மனுவின் நகலைக் கேட்டாள். கொடுத்தேன், ஆனால் அப்படியே காப்பி அடிக்காதே என்றும் சொன்னேன். பேருந்தில் ஒரு மணி நேரத் தூரம்தான் என்றாலும் அங்கே வாடகைக்குச் சட்டம் வேறு, 1969ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டுச் சட்டம். இலவசச் சட்ட உதவியும் பெயிண்ட் விதியும்தான் இரண்டு ஊருக்கும் பொது.

டிசம்பரில் மறுபடி ரத்தம் எடுத்தோம். 9. ரத்தத்தில் உள்ளது ஒரு மாதத்தில் பாதியாகக் குறையுமாம். ஆனால் எலும்பில் போய் உட்கார்ந்தது வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும் என்பதால் எண் மெதுவாகத்தான் இறங்கும். அடுத்த கோடையில் 6. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள். அந்த இரண்டு வருடம் அவளிடமிருந்து எதையாவது எடுத்துக்கொண்டதா என்று எந்தப் பரிசோதனையும் எனக்குச் சொல்லப் போவதில்லை.

2025இல் நாங்கள் செம்மண்டலம் பக்கம் வேறு வீடு மாறினோம், இது கணவரின் வேலைக்காக. இந்த முறை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தோம். சாவியைக் கொடுக்கப் போன அன்று, புதிதாகக் குடிவருகிறவர்கள் வீட்டைப் பார்க்க வந்திருந்தார்கள். இடுப்பில் ஒரு பையன், ஒரு வயது இருக்கும். ஆய்வகத் தாளின் நகலை அந்தப் பெண்ணிடம் கொடுத்து, உள் சன்னல்களில் அடியில் இன்னும் பழைய பெயிண்ட் இருக்கிறது, உரிந்தால் உடனே மேலே சொல்லுங்கள், எழுதிச் சொல்லுங்கள் என்றேன். வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார், மறுக்கவில்லை. அந்தப் பெண் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “சரிங்கக்கா” என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “தண்ணி காலையில எத்தன மணிக்கு வரும்?”